வெள்ளத்துக்குக் கூடுகிற அலுவலகங்கள் இதற்கும் கூடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ள ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக 16 வருடமாக இருக்கிறேன். வீட்டில் அடி வாங்குகிற பெண்களுக்காக எல்லா அலுவலகங்களும் ஒரே மேசையில் கூட வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஊரின் பெயரையோ அலுவலகங்களின் பெயரையோ இதில் எழுதவில்லை. ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை இதற்குள் இருக்கிறது. ஆள் யாரென்று தெரிந்தால் அவளுக்குத்தான் கஷ்டம்.

கடந்த ஆவணியில் ஒரு நாள் இரவு, கைக்குழந்தையோடு அவள் என் வீட்டுப் படலையைத் தட்டினாள். கணவன் அடித்ததில் உதடு வெடித்திருந்தது. "பெரியம்மா, விடியுமட்டும் இருக்கட்டா?" என்று மட்டும் கேட்டாள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே, இப்படி அடி வாங்கி வருகிற பெண்களுக்கென்று நட்பு நிலையம் என்ற ஒரு பிரிவு இருக்கிறது. அதில் இருந்த தாதி ஒருவர் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணித்தியாலம் அவள் சொன்னதைக் கேட்டார். எல்லாவற்றையும் எழுதினார். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

பிறகுதான் அலைச்சல். பொலிஸில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள். அவள் கையெழுத்து வைத்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "குடும்ப விஷயம்தானே, இணக்க சபைக்குப் போய்ப் பேசுங்கள்" என்றார்கள். பிரதேச செயலகத்துக்குப் போனோம். மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் அன்றைக்குத் திருகோணமலையில் பயிற்சியில். அடுத்த கிழமை போனபோது உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தார், அவரிடம் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. கிராம உத்தியோகத்தரிடம் வதிவுக் கடிதத்துக்குப் போனால் அவரும் என்ன நடந்தது என்று கேட்டார். அஸ்வெசும என்கிற அரசாங்க நலன்புரிப் பணம் கணவனின் பெயரில் வருவதால் அதற்கு வேறு மேசை. வீடு இருக்கும், அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியும் அவன் பெயரில்தான், அதற்குக் காணிக் கிளை. கடைசியாகச் சட்ட உதவி.

எங்கள் சங்கத்தின் கூட்டக் குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றையும் திகதியோடு குறித்து வைத்தேன். ஐந்து கிழமையில் ஏழு மேசை, ஏழு முறையும் அதே கதை. முதல் முறை அழுதழுது ஒரு மணித்தியாலம் சொன்னவள், ஏழாவது முறை நாலு வசனத்தில் முடித்துவிட்டாள். அந்த அலுவலர் நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவுதானா பிரச்சினை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

அந்த ஏழு பேரில் யாரையும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்தார்கள். தாதி எழுதியது பொலிஸுக்குப் போகவில்லை. பொலிஸில் பதிந்தது பிரதேச செயலகத்துக்குத் தெரியாது. பிரதேச செயலகம் என்ன செய்தது என்று சட்ட உதவிக்குத் தெரியாது. ஒரு மேசையில் இருந்து அடுத்த மேசைக்குக் கடிதம் கொண்டு போகிற வேலையை, அடி வாங்கிய பிள்ளையே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்தாள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். நீதவான் 14 நாள் வரைக்கும் இடைக்காலக் கட்டளை கொடுக்கலாம், பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். இதற்கு இணக்க சபைக்குப் போய் வந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஏழு மேசையில் ஒன்றிலும் இதை அவளுக்குச் சொல்லவில்லை. முன்பு ஒரு கருத்தரங்கில் தந்த துண்டுப்பிரசுரத்தை நான் அலுமாரியில் வைத்திருந்ததால்தான் தெரிந்தது.

எங்கள் நாடு பெண்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகள் கொஞ்சமில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தை 1981 ஒக்டோபர் 5இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. 1993இல் மகளிர் பட்டயம் வந்தது. 2024இல் 37ஆம் இலக்க மகளிர் வலுவூட்டல் சட்டம் வந்தது, அதில் பெண்களுக்கென ஒரு தேசிய ஆணைக்குழுவுக்கு இடம் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் ஜெனீவாவுக்குப் போய் எங்கள் அரசாங்கம் அந்தச் சமவாயத்தின் குழுவுக்குப் பதிலும் சொல்லிவிட்டு வந்தது.

ஆனால் இந்த வேலை யாருடையது என்பது ஆரம்பத்தில் இருந்தே ஒரு இடத்தில் நிற்கவில்லை. 1983இல் மகளிர் விவகாரத்துக்கென்று அமைச்சு வந்தபோது அதைப் போதனா வைத்தியசாலைகளோடு சேர்த்து ஒரே அமைச்சாக வைத்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆட்சியிலும் வேறு வேறு துறையோடு ஒட்டியும் பிரித்தும் வந்திருக்கிறார்கள். கிழக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் மத்திய அமைச்சின் ஆள். பொலிஸும் மத்தி. கிராம அபிவிருத்தித் திணைக்களமும் சமூக சேவைத் திணைக்களமும் மாகாணம். எங்கள் ஆஸ்பத்திரியும் மாகாணம். மாகாண சபைக்கோ 2017 செப்டெம்பரில் காலம் முடிந்த பிறகு தேர்தலே இல்லை. ஆக, ஒரு பெண்ணின் பிரச்சினைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் ஒரு பக்கம் அறிக்கை அனுப்புகிறார்கள், மற்றப் பாதி இன்னொரு பக்கம் அனுப்புகிறார்கள்.

காணி விஷயத்தில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. எங்கள் அம்மா பெர்மிட் காணிக்குப் பின்னுரித்தாளியை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, பெயர் குறிக்காமல் 1998இல் காலமானார். அப்பா அதற்கு முன்பே இல்லை. கடைசி ஒன்பது வருடம் அம்மாவைப் பார்த்தது நான். ஆனால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் உரித்துப் பட்டியலில் மகன் முதலில், மகள் அடுத்ததாக இருந்தாள். காணி அண்ணாவுக்குப் போனது. அண்ணாவில் எனக்குக் கோபமில்லை, அவர் இன்றைக்கும் அதில் என்னைக் குடியிருக்க விட்டிருக்கிறார். அந்த ஆண் முன்னுரிமை வரிசை 2022இல் திருத்தப்பட்டபோது நான் சந்தோஷப்பட்டேன், எனக்கில்லாவிட்டாலும் எங்கள் பிள்ளைகளுக்கு என்று. பிறகு 2024இல் ஒரு அலுவலகத்தில், காணிக் கிளையின் சுவரில் பழைய வரிசையையே இன்னும் ஒட்டி வைத்திருந்ததைக் கண்டேன். பாராளுமன்றத்தில் நிறைவேற்றிய சட்டம் அந்தச் சுவர் வரைக்கும் வந்து சேர இரண்டு வருடம் போதவில்லை. நான் அங்கே இருந்தவரிடம் சொன்னேன். "எங்களுக்குச் சுற்றறிக்கை வரவில்லை அம்மா" என்றார், உண்மையாகத்தான் சொன்னார்.

இந்த மேசைகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டுவது முடியாத காரியம் என்று சிலர் சொல்வார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது, அதன் பின்னால் மகாவலி வெள்ளமும் வந்தது. அந்த நாட்களில் இதே பிரதேச செயலகத்தில் இரவு பதினொரு மணிக்கும் விளக்கு எரிந்தது. பொலிஸ், ஆஸ்பத்திரி, நீர்ப்பாசனம், கடற்படை, கிராம உத்தியோகத்தர்கள் எல்லாரும் ஒரே மேசையில் இருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர், எந்தப் படகு எங்கே போக வேண்டும் என்று ஒரு பெரிய தாளில் எழுதி, செய்து முடித்ததை வெட்டிக்கொண்டே வந்தார்கள். மத்தியா மாகாணமா என்று அந்த இரவில் யாரும் கேட்கவில்லை. சமையலுக்கு நின்ற நான் இதைக் கண்ணால் கண்டேன். அதே வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பில், தாய் வீட்டில் இருந்த அந்தப் பிள்ளையின் பெயர் இன்னும் கணவனின் குடும்பத்துக்குள்தான் கிடந்தது. அவனைக் குடும்பத் தலைவன் என்று எழுதியிருந்தார்கள்.

இந்த மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து அந்த வெள்ள மேசையைப் போல ஒரு மேசையைப் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. பொலிஸின் பெண்கள் சிறுவர் பிரிவு, நட்பு நிலையம், காணிக் கிளை, அஸ்வெசும, உளவளத்துணை, மாகாண சமூக சேவை, சட்ட உதவி எல்லாரும் வர வேண்டும். இதற்குப் பொறுப்பு உதவிப் பிரதேச செயலாளர் என்று ஒருவரின் பெயரில் எழுத்தில் இருக்க வேண்டும். நான் இதுவரை மூன்று பெண்கள் தினக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், மூன்றிலும் மாலை போட்டார்கள். யார் எந்தத் திகதிக்குள் என்ன செய்வது என்று ஒன்றிலும் குறிக்கவில்லை.

ஒரு பெண் முதலில் எந்த மேசைக்கு வந்தாலும் அங்கேயே ஒரு கோப்பு திறக்கப்பட வேண்டும். அவள் சம்மதித்தால் மட்டும் அது அடுத்த மேசைக்குப் போக வேண்டும். இந்தச் சம்மதத்தை நான் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் காலையில் கந்தோரில் சொன்னது பின்னேரம் கிணற்றடியில் இருக்கும். ஆகவே கோப்பைத் தொடுகிறவர்கள் யார் என்று கையெழுத்து இருக்க வேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் பெயர்கள் போகக்கூடாது; எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது, எது எங்கே நிற்கிறது என்ற எண்கள் மட்டும் போனால் போதும். தெருவும் குளமும் யானை வேலியும் பேசுகிற அந்தக் கூட்டத்தில் இதற்கும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். அதே எண்கள் கொழும்பில் புதிய ஆணைக்குழுவுக்கும் போகட்டும். ஜெனீவாவுக்கு எழுதுகிற அடுத்த அறிக்கையில் எங்கள் மாவட்டத்தின் பக்கம் அதிலிருந்து எழுதப்படட்டும். முறைப்பாட்டை அவளுடைய மொழியிலேயே எழுதுவதற்குப் புதிதாக ஒரு சட்டமும் வேண்டாம். தமிழும் நாட்டின் அரசகரும மொழி.

அவள் இப்போது தாய் வீட்டில் இருக்கிறாள். பாதுகாப்புக் கட்டளை கிடைத்துவிட்டது, காணி விஷயம் இன்னும் நிற்கிறது. 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை எங்கள் சங்கக் கட்டடத்தின் கதவில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். இந்தக் கோரிக்கையை 61 பெண்களின் கையெழுத்தோடு வருகிற பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் கொடுக்கிறோம். 61 பேரில் அவளும் ஒருத்தி. எழுதத் தெரிந்த எல்லாரும் கைநாட்டு வைக்காமல் பெயரை முழுதாக எழுத வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்,
கொட்டியாரப்பற்று,
திருகோணமலை மாவட்டம்.