பைதன் பட்டியலைக் கழித்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள அக்காமார், அண்ணன்மார், நானாமார், தம்பி தங்கச்சிமாருக்கு,

பைதன் என்ற கணினி மொழியைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கான பாடங்கள், வீடியோக்கள், இணைப்புகளின் பட்டியல் ஒருவழியாக முடிந்து, மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் கைமாறிக்கொண்டிருக்கிறது. தொகுத்தவன் என்று மேலே என் பெயர்தான் இருக்கிறது. எனக்கு அதில் பாதி உரிமை கூட இல்லை. கண்ட இடமெல்லாம் தேடிக் குவித்தது நான். ஆகாததைக் கழித்தது நீங்கள். குவிப்பதை யாரும் செய்யலாம். கழிக்கத்தான் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும்.

முதல் நன்றி, களுவாஞ்சிக்குடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிப்பிக்கும் டீச்சருக்கு. யூடியூப்பில் நிறையப் பேர் பார்த்த சில வீடியோக்களை அவர் தயங்காமல் வெட்டினார். பக்கத்தில் சிவப்பு மையால் காரணம்: “பிரின்டுக்கு அடைப்புக்குறி இல்லை. பைதன் 2.” இப்போதைய பைதன் 3இல் ‘பிரின்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும்; பைதன் 2 என்ற பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிற பிள்ளைக்கு முதல் வரியிலேயே பிழை வரும். வீடியோ பழையது என்று அதற்கு எப்படித் தெரியும்? தனக்கு இது ஏறாது என்று கொம்பியூட்டரை மூடிவிட்டுப் போய்விடும்.

பைதனின் அதிகாரபூர்வப் பாடநூலை எங்கே வைப்பது என்ற இழுபறியையும் அவரே தீர்த்தார். அது ஏற்கெனவே வேறொரு கணினி மொழியில் செய்நிரல் (புரோகிராம்) எழுதியவர்களுக்காக எழுதப்பட்டது. சாதாரண தரத்தில் பாஸ்கல் எழுதிப் பழகியவர்களுக்குச் சரி. மற்றவர்கள் அப்புறம் வரலாம்.

கொக்கட்டிச்சோலைத் தம்பி எல்லாவற்றையும் போனிலேயே திறந்து பார்த்தார், அதுவும் சொந்த டேட்டாவில். எது டேட்டாவை விழுங்கும், எதை ஒருமுறை இறக்கி வைத்தால் போதும் என்ற குறிப்புகள் எல்லாம் அவருடையவை. செய்நிரல் ஓடும்போது ஒவ்வொரு மாறியிலும் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) என்ன இருக்கிறது என்று அடியடியாகக் காட்டும் ‘பைதன் டியூட்டர்’ பட்டியலில் மேலே ஏறியதும் அவர் பிடிவாதத்தால்தான்.

நூலகத்தில் கணினிப் பகுதியைப் பார்க்கும் அண்ணன் ஒரு வரிதான் எழுதினார், ஆனால் எத்தனையோ பேருடைய நேரம் மிச்சம். அங்கே இன்னும் வின்டோஸ் 7 கணினிகள் உண்டு. பைதன் 3.9க்குப் பிறகு வந்த எதுவும், 3.9 உட்பட, அதில் ஏறாது. 3.8ஐப் போடுங்கள் என்று இப்போது பட்டியலின் தலையிலேயே இருக்கிறது.

அக்கரைப்பற்றுத் தங்கச்சியின் கேள்விக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைதனிடம் கேட்டால் 5 என்கிறதே, மூன்று எழுத்துத்தானே என்றார். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் தனித்தனியாக இருப்பதை அது அப்படியே எண்ணுகிறது. ஆங்கிலத்தில் உள்ள தொடக்கப் பாடங்களில் இதற்கு விடை தேடிக் களைத்துப்போனோம். கடைசியில் கல்முனை நானா ‘ஓபன் தமிழ்’ என்ற நிரலகத்தை, அதாவது பைதனில் எடுத்துப் பயன்படுத்த ஏற்கெனவே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பை, காட்டினார். அது சொல்லை எழுத்து எழுத்தாகவே பிரித்துத் தரும், எண்ணினால் மூன்று. பட்டியலில் தமிழுக்கென்று ஒரு பகுதி வந்தது இப்படித்தான். எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஒலுவிலில் படிக்கும் பிள்ளைகள் ஆங்கில இணைப்புகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரித் தமிழ்க் குறிப்பு எழுதித் தந்தார்கள். சோதனைக் காலத்தில் செய்த வேலை அது.

டேட்டாக் காசையாவது தருகிறேன் என்றேன், ஒருவரும் வாங்கவில்லை. சரி, கல்லடிப் பக்கம் வந்தால் சாப்பிடாமல் போகக் கூடாது. செத்துப்போன இணைப்பு கண்ணில் பட்டால் அதையும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பட்டியல்காரன்
கல்லடி, மட்டக்களப்பு