தண்ணி பீச்சி அடிச்சா மொதல்ல கைய எடு

பாப்பா,

நேத்து நைட்டு நீ போன் பண்ணி "அப்பா தண்ணி பீச்சி அடிக்குது"ன்னு கத்துனப்ப எனக்கும் பதட்டம், அதான் கண்டதையும் ஒளறிட்டேன். பிளம்பர் வர ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னு சொன்னியே, அந்த ரெண்டு மணி நேரமும் வாஷ்பேசின் அடியில உக்காந்து பைப்ப கையால அழுத்திப் பிடிச்சிருந்தியாமே. அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு. கல்யாணமான புதுசுல நானும் இதத்தான் பண்ணேன், கட்டை விரல வச்சு ஓட்டைய அடைச்சிக்கிட்டு ஹீரோ மாதிரி நின்னுட்டு இருந்தேன், உங்கம்மா ஒண்ணும் பேசாம போய் வால்வ மூடிட்டு வந்து "இப்ப கைய எடுங்க"ன்னா.

பேசின் அடியில சுவத்துல சின்னதா ஒரு திருகு இருக்கும் பாரு, அது ஆங்கிள் காக், அத வலது பக்கமா திருகுனா அந்த பேசினுக்கு மட்டும் தண்ணி நிக்கும். அதுல இருந்து பேசின் குழாய்க்குப் போற கனெக்ஷன் பைப் விட்டுப்போனா அவ்ளோதான் வேலை. சுவத்துக்குள்ள இருக்கிற பைப்போ ஆங்கிள் காக்கோ ஒடைஞ்சா, மொத்த வீட்டுக்கும் தண்ணிய நிறுத்துற மெயின் வால்வுக்குத்தான் போகணும். நீட்டு கைப்பிடி இருந்தா அது பால் வால்வ், கைப்பிடி பைப்போட நீட்டுக்கு இருந்தா தொறந்திருக்கு, குறுக்க நின்னா மூடியிருக்கு. வட்டமா சக்கரம் மாதிரி இருந்தா கேட் வால்வ், நாலஞ்சு சுத்து சுத்தணும், ரொம்ப நாள் தொடாம இருந்தா இறுகிப் போயிருக்கும், அப்ப பெரிய ஸ்பேனர போட்டு முறுக்காத, தண்டு ஒடஞ்சா கத கந்தல். கொஞ்சம் மூடு கொஞ்சம் தொற, அப்படியே மெதுவா விட்டுக் குடுக்கும்.

மூடுன பிறகும் தண்ணி வரும், பயப்படாத, பைப்புக்குள்ள நின்னதுதான் வருது. வீட்லயே கீழா இருக்கிற குழாய தொறந்து விடு, மேல ஒரு குழாயையும் தொற, காத்து உள்ள போனா சட்டுனு வடிஞ்சிரும்.

அப்புறம் கரண்ட். தண்ணி பிளக் பாயின்ட் பக்கம் போயிருந்தா ஈரத்துல நின்னுக்கிட்டு சுவிட்ச தொடவே கூடாது, மெயின் போர்டு காஞ்ச இடத்துல இருந்தா அங்க ஆஃப் பண்ணு, இல்லன்னா வெளிய வந்துரு, வீடு நனைஞ்சா நனையட்டும். கீசரையும் ஆஃப் பண்ணிரு, உள்ள தண்ணி இல்லாம ஓடுனா காயில் கருகிரும்.

சொட்டு நிக்கவே இல்லன்னா ஒரு பழைய ஷூ லேஸ எடுத்து கசியுற இடத்துல கட்டி மறுமுனைய பக்கெட்டுக்குள்ள விடு. தண்ணி லேஸ் வழியா வழுக்கிக்கிட்டு சத்தமே இல்லாம எறங்கும், தெறிக்காது. நைட்டு பூரா டொக் டொக்னு கேக்குறதுக்கு இது எவ்ளோவோ மேல்.

நீ டெஃப்லான் டேப்ப பைப் மேல சுத்துனேன்னு சொன்னல்ல, சிரிப்பு வந்துச்சு, அது பைப்ப திருகி மாட்டுற மரையில சுத்துறதும்மா, விரிசலுக்கு ஒண்ணும் பண்ணாது. விரிசலுக்கு ரப்பர் டியூப வெட்டி இழுத்துப் பிடிச்சு சுத்தி மேல கிளிப் போட்டு முறுக்கணும், அதுவும் பிளம்பர் வர வரைக்கும் தாங்குறதுக்குத்தான்.

டாய்லெட் அடைச்சிக்கிட்டா திரும்பத் திரும்ப ஃபிளஷ் பண்ணாத. ஆசிட் ஊத்தவே ஊத்தாத, நாளைக்கு அதுல கைய விடப்போறது ஒரு மனுஷன். ஏற்கனவே ஊத்திட்டன்னா அவர் வந்ததும் மொதல் வார்த்தையா அத சொல்லிரு.

பிளம்பருக்கு போன் பண்ணும்போதே ஒரு போட்டோவும் அனுப்பு, பக்கத்துல ஸ்கேல் வச்சு எடு, அர இன்ச்சா முக்கா இன்ச்சான்னு தெரிஞ்சா சாமான் கையோட வாங்கிட்டு வருவாரு, திரும்ப கடைக்கு ஓட வேண்டியதில்ல.

இன்னைக்கு சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் மெயின் வால்வ் எங்க இருக்குன்னு தேடிப் பிடிச்சு ஒரு தடவ மூடித் தொறந்து பாரு. வட்டக் கைப்பிடின்னா முழுசா தொறந்துட்டு கால் சுத்து பின்னாடி விடு, இறுகாம இருக்கும். போட்டோ அனுப்பு. வால்வ் போட்டோ, செல்ஃபி இல்ல. உங்கம்மா பாக்கணுமாம்.

அப்பா