தம்பிக்கு, அந்த வீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டாயே

தம்பி,

டியூட்டியில் வண்டி இடித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற உன் டீம் போலீஸ்காரன் வீட்டைப் பற்றி நீ ராத்திரி போட்ட மெசேஜைக் காலையில்தான் பார்த்தேன். "டீம்ல எல்லாரும் ஏதாவது செய்யணும்னு சொல்றாங்க, என்ன செய்யறதுன்னுதான் தெரியலம்மா." இதற்கு வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டிப் பதில் சொல்ல என்னால் ஆகாது. நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், ஷிஃப்ட் முடிந்து சாப்பிட்டுவிட்டுப் படி.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதும் நீங்கள் எல்லாரும் மூச்சு விட்டிருப்பீர்கள். அவன் வீட்டுக்காரிக்கு அன்றிலிருந்துதான் பாடு. பணியில் உயிர்விட்ட போலீஸ்காரருக்கு அரசாங்க மரியாதை உண்டு, பேப்பரில் படம் வரும், பெரியவர்கள் வந்து கையைப் பிடிப்பார்கள், அதெல்லாம் வேண்டியதுதான். இடுப்பெலும்பு முறிந்து பிழைத்தவனுக்கு என்ன இருக்கிறது? பிசியோதெரபி இருக்கிறது, தூக்கம் வராத ராத்திரி இருக்கிறது, "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2013 டிசம்பர் 8 அன்று நம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்தைப் பற்றிக் கேட்டால் எரிந்த ஆம்புலன்ஸைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு அழைப்புக்குப் போன அதிகாரிகளில் 54 பேர் காயப்பட்டார்கள், அவர்கள் வீட்டில் அடுத்த மாதம் எப்படிப் போனது என்று கேட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

நான் பீச் ரோடு போலீஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும். 1964 ஜூலையில் கலவரம் வந்து ஊரடங்கு போட்டபோது தாத்தா வீட்டுக்கு வருவதே இல்லை. எந்த வீட்டு ஆம்பளையும் வரவில்லை. வெளியே மலாய்க்காரர்களும் சீனர்களும் அடித்துக்கொள்கிறார்கள் என்று ரேடியோ சொல்கிறது, குவார்ட்டர்ஸ் படிக்கட்டிலோ பாட்டியும் பக்கத்து வீட்டு மக்சிக்கும் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மேல்மாடி சீனத்து அம்மாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, கேட் பக்கம் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் மூன்றாவது வீட்டுக்காரரைத் தலையில் கட்டோடு கொண்டுவந்து இறக்கினார்கள். பாட்டி யாரிடமும் எதையும் கேட்கவில்லை, நேரே போய் அந்த வீட்டு அழுக்குத்துணி வாளியைத் தூக்கிவந்து துவைக்க ஆரம்பித்துவிட்டார். மக்சிக் இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அடிபட்டவர் மறுபடி டியூட்டிக்குப் போகிற வரைக்கும் அந்த வாளி எங்கள் வீட்டில்தான் இருந்தது. அந்தப் பெண்களுக்கெல்லாம் மனசுக்குள் பழைய பயம் ஒன்று உண்டு. 1955 மே மாதம் ஹாக் லீ பஸ் கலவரத்தில் செத்த நாலு பேரில் இரண்டு பேர் போலீஸ்.

இப்போது நீ பொங்கோலில், அவன் ஜூரோங்கில், உன் இன்ஸ்பெக்டர் தெம்பனீஸில். ஒருத்தர் வீட்டு வாளி இன்னொருத்தர் கண்ணில் படாது. அதனால் யாராவது ஒருவர் இதைப் பொறுப்பாக எடுத்து நடத்த வேண்டும், அது நீயாக இரு. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லாதீர்கள், அவள் சொல்லவே மாட்டாள். ஆளுக்கு ஒரு வேலை, அதுவும் மாதக்கணக்கில். சின்னவளைச் சைல்ட்கேரிலிருந்து கூட்டிவருவது ஒருவர், செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்குக் காரோடு வந்து நிற்பது ஒருவர். டீமில் சீனப் பையன்கள் இருக்கிறார்களே, சமைக்கத் தெரியாவிட்டால் கடையில் டாபாவ் பண்ணி, பொட்டலம் கட்டி வாங்கிக் கொடுக்கட்டும், அதிலொன்றும் குறைச்சல் இல்லை. முதல் வாரம் இருபது பேர் பழக்கூடையோடு போய் நிற்பதும் நான்காவது மாதம் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்காமல் இருப்பதும்தான் வழக்கம். நீங்கள் நான்காவது மாதத்துக்கு இப்போதே பேர் எழுதி வையுங்கள். இடித்த டிரைவர் மேல் வழக்கு கோர்ட்டுக்கு வர நாளாகும், அன்றைக்கு அவள் தனியாகப் போய் அந்தப் பெஞ்சில் உட்காரக்கூடாது.

அடுத்தது பேப்பர் வேலை. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். "மனிதவள அமைச்சுல வேலைக்காய இழப்பீடு கேளு" என்று அவள் சித்தப்பா சொன்னாராம், நீயே சொன்னாய். அந்தச் சட்டம் கம்பெனி ஆட்களுக்குச் சரி, சீருடை போட்ட போலீஸுக்குப் பொருந்தாது. உங்களுக்கு உள்துறை அமைச்சு வழியாகத் தனி ஏற்பாடு. ஆகவே உங்கள் மனிதவளப் பிரிவில் ஒரே ஒரு ஆளைப் பிடித்து, அவர் நம்பரை அவளிடம் கொடு. எந்தப் பாரம் எப்போது கொடுத்தது, யாரிடம் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க டீமில் ஒருவர் இருக்கட்டும். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளால் அதையும் பார்க்க முடியாது. காவல்துறையிலேயே மனோவியல் பிரிவு இருக்கிறது, அவனுக்கு மட்டும் இல்லாமல் அவளுக்கும் யாராவது பேச முடியுமா என்று கேட்டுப் பார். போகாதே என்று மாமியார் சொன்னால் நான் வந்து அந்த அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன்.

"எவ்வளவு பணம் வரும்?" என்று கேட்கிறவர்கள் வருவார்கள். காது கேட்காத மாதிரி இரு. அவளைக் கேட்காமல் படம் போட்டுப் பணம் திரட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் உடனே நிறுத்து.

அவன் அப்பா அம்மாவையும் மறந்துவிடாதீர்கள். குடும்பம் என்றால் பெண்டாட்டி பிள்ளை என்று நினைத்துப் பெற்றவர்களைத் தள்ளி நிறுத்திவிடுகிறோம். 1978 ஏப்ரலில் மவுண்ட் வெர்னன் காவல் சாவடியிலிருந்து கட்டாயத் தேசிய சேவையில் (என்எஸ்) இருந்த ஒரு பையனைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்று, அவனுடைய துப்பாக்கியை எடுத்தார்கள், 18 வயது. அவனுக்கு ஏது பெண்டாட்டி, பெற்றவர்கள்தான். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, ஆனால் குவார்ட்டர்ஸில் ஆம்பளைப் பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியும் அன்றைக்கு அழுதது ஞாபகம் இருக்கிறது. நீ என்எஸ் போன நாள் நான் ஏன் ஒரு மாதிரி இருந்தேன் என்று கேட்டாயே, அதுதான் காரணம். 2024 மே மாதம், பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில், ஜொகூர் உலு திராம் போலீஸ் ஸ்டேஷனில் ராத்திரி புகுந்து இரண்டு கான்ஸ்டபிள்களைக் கொன்றபோதும் எனக்கு அந்தத் தாய்களைத்தான் நினைக்கத் தோன்றியது. உன் அப்பா டிவியை அணைத்துவிட்டார்.

சரி, இப்போது உன் விஷயம். திட்டாதே, கேள். கல்யாணத்துக்கு முன்னால் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணத்துக்கு என் பேரை நியமித்திருந்தாய். கல்யாணம் ஆன நிமிஷமே அது செல்லாது. புதிதாகப் போட்டாயா? உயில் எழுதினாலும் சிபிஎஃப் பணம் அதில் வராது, நியமனம் இல்லாவிட்டால் பொது அறங்காவலர் அலுவலகம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும், அதுவரைக்கும் மருமகள் காத்திருக்க வேண்டும். சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் உனக்கு ஓடுகிறதா, 60 வயதுக்குள் ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு 70,000 வெள்ளி வரைக்கும் வரும், பிரீமியம் கழிகிறதா என்று பார். எல்பிஏவும் செய்துவிடு, உன்னால் முடியாமல் போனால் உனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கிற பத்திரம் அது. தலையில் அடிபட்டு நினைவு சரியில்லாமல் போனால், அது இல்லாத வீட்டில் பெண்டாட்டியே கோர்ட்டுக்குப் போய் அனுமதி வாங்கித்தான் புருஷன் கணக்கைத் தொட முடியும். இதையெல்லாம் பேசினால் அபசகுனம் என்று உன் அத்தை சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். டீமில் மற்ற பையன்களையும் ஒரு மத்தியானம் கேன்டீனில் உட்காரவைத்துச் சேர்ந்தே முடித்துவிடுங்கள்.

வியாழக்கிழமைச் சாப்பாடு என் பொறுப்பு என்று எழுதிக்கொள். எலும்புக்கு நல்லது என்று நண்டு ரசம் வைக்கலாமா, இல்லை அவன் சைவமா? சின்னவளுக்குக் காரம் ஆகுமா? நாளைக்குள் கேட்டுச் சொல், தேக்கா மார்க்கெட்டுக்குப் புதன்கிழமை போகிறேன்.

அம்மா