கோடை முகாம், குடும்ப விழா, அப்புறம் ஒரு செல்போன் விஷயம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

ஆண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகள் இந்த ஆண்டு நன்றாகவே படித்தார்கள். வருவாய் வழித் திறன் தேர்வு எழுதிய எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும், கலைத் திருவிழாவில் வட்டார அளவில் பரிசு வாங்கியவர்களுக்கும், கோ-கோ அணிக்கும் பாராட்டுகள். காலை உணவு சமைத்துத் தரும் அக்காமார்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் நன்றி. தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது, குழாய்தான் இன்னும் வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் எந்த நாளில் கிடைக்கும் என்பதைத் தகவல் பலகையில் எழுதிப் போடுகிறோம்.

இனி கோடைக்கு வருவோம். கத்திரி வெயில் வருவதால் கலை முகாமைக் காலை ஏழு மணிக்கே தொடங்கிப் பத்தரைக்கு முடித்துவிடுவோம். பனையோலையில் கிலுகிலுப்பை, களிமண் பொம்மை, கோலம், பாட்டிமார்கள் சொல்லித்தரும் நடவுப் பாட்டு எல்லாம் உண்டு. கூத்துப் பயிற்சி மட்டும் மாலை ஐந்து மணிக்கு, வேப்பமரத்தடியில். பங்குனியில் தொடங்கியது அப்படியே தொடரும். கடைசி நாள் மாலை குடும்ப விழா. வைகாசியில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பதால் அதற்கு முன்பே நாம் முடித்தாக வேண்டும். பாரதம் தொடங்கிவிட்டால் மதியம் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி என்று ஊரே தூங்காது. அதற்கு நடுவில் நம் விழாவுக்கு யார் வருவீர்கள்?

பிள்ளைகள் ஆடப்போவது பகடைத் துகில், அதாவது பாண்டவர்கள் பகடையில் தோற்றபின் சபையில் துச்சாதனன் திரௌபதியின் சேலையை உரியும் கதை. விடிய விடிய ஆடுவதை ஒரு மணி நேரமாகச் சுருக்கித் தந்திருக்கிறார் கூத்து வாத்தியார். (பள்ளி வளாகத்தில் யாராவது 'வாத்தியாரே' என்று கூப்பிட்டால் இப்போது ஆசிரியர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது அவருக்கான கூப்பாடு என்று ஆகிவிட்டது.) கல்யாண முருங்கை மரத்தில் செய்த உண்மையான கிரீடமும் புஜக்கட்டையும் பிள்ளைகளுக்குப் பாரம் என்பதால், அட்டையில் கண்ணாடித் துண்டு ஒட்டி அவர்களே செய்துகொண்டார்கள். துரியோதனனின் கிரீடத்தை மட்டும் இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. முதல் கிரீடம் ஆட்டுக்குட்டிக்கு இரையாகிவிட்டது.

எழுத வந்த விஷயம் இனிமேல்தான்.

போன சனிக்கிழமை முதன்முறையாக வேடம் கட்டிப் பார்த்தோம். அரிதாரம் பூசிச் சேலை கட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவனை அந்த அறைக்குள் வந்த யாரோ செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். பாதி சேலை கட்டிய நிலையில் எடுத்தது. அதற்கு ஒரு சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்து, கீழே ஒரு வரி எழுதி, நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கிருந்து அது ஸ்டேட்டஸ் ஸ்டேட்டஸாகப் பக்கத்து ஊர்வரைக்கும் போய்விட்டது.

எடுத்தவர் கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். பிள்ளைகளை வேடத்தில் பார்த்தால் யாருக்கும் கை செல்போனைத் தேடும். எனக்கும் தேடியது. எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. வேடம் கட்டும் அறைக்கு ஒரு திரைகூடப் போடவில்லை, வாசலில் யாரையும் நிறுத்தவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள்தானே என்று இருந்துவிட்டோம். நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன், ஆனால் மறுநாள் காலையில்தான் பார்த்தேன். அதற்காக அந்தக் குடும்பத்திடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

நான் போனபோது அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். வழக்கமாக என்னைக் கண்டால் தெரு முனையிலிருந்தே வணக்கம் சொல்லும் பிள்ளை. அவனுடைய பாட்டிதான் பேசினார். "வேஷம் கட்டறதுல என்னாம்மா தப்பு, எங்க வீட்டுக்காரரும் கட்டினவர்தானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அவன் பயிற்சிக்கு வரவில்லை.

பாட்டி கேட்டது சரியான கேள்வி. நம் பக்கத்துக் கூத்தில் திரௌபதி, சுபத்திரை, பொன்னுருவி என்று எந்த வேடமானாலும் காலங்காலமாக ஆண்கள்தான் கட்டினார்கள். இங்கே செய்யாற்றுப் பக்கம் புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம் இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாடகத்தில் ஔவையாராக நடித்ததால்தான் டி.கே. சண்முகத்துக்கு 'ஔவை' சண்முகம் என்று பேர் வந்தது. சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பேர் இருக்கிறது. சிவாஜி கணேசன் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவில் சிறுவனாக இருந்தபோது பெண் வேடம் கட்டியவர். இவர்களைப் பார்த்து நாம் கைதட்டினோம். நம் தெருப் பையன் கட்டினால் மட்டும் சிரிப்பு வருகிறது என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கண்டிப்பாகக் கூத்திலிருந்து வரவில்லை.

துகில் நடக்கும் ராத்திரியில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். வேடத்துக்காகச் செய்கிறேன், என்னை மன்னித்துக்கொள் தாயே என்று கேட்டுக்கொண்டுதான் கை வைப்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோணிப்பையை விரித்து அப்பா மடியில் படுத்துக்கொண்டு பார்ப்பேன். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வரும்போது சிரித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவேன். கற்பூர நேரத்தில் மட்டும் அப்பா என்னைத் தட்டி எழுப்புவார்.

அந்தச் சபையில் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். இது தப்பு என்று எழுந்து சொன்னது கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான். நம் குழுவில் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். வீடியோவுக்குக் கீழே சிரிக்கும் பொம்மை போட்டவர்கள் சிலர். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள் மிச்சப் பேர். "இது நம்ம பசங்க, தயவுசெய்து எடுத்துடுங்க" என்று ஒரே ஒரு தாய் எழுதியிருந்தார். அவருக்கு நன்றி. மற்றவர்களிடம் எனக்கு வருத்தம் இருக்கிறது, என்னையும் சேர்த்துத்தான்.

ஆகவே சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வேடம் கட்டும் அறைக்குள் இனி வாத்தியாரும், அவருக்கு உதவும் இரண்டு பேரும், எங்கள் ஆசிரியர் ஒருவரும் தவிர யாரும் வரக்கூடாது. தந்தையாக இருந்தாலும் ஊர்ப் பெரியவராக இருந்தாலும் இதுதான். பயிற்சி நேரத்தில் செல்போனை வாசலில் உள்ள கூடையில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். பயிற்சியைப் படம் எடுப்பதும் வீடியோ எடுப்பதும் கூடாது. ஏற்கெனவே எடுத்த அந்த வீடியோ யார் போனில் இருந்தாலும் இன்றைக்கே அழித்துவிடுங்கள், நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லி அழிக்கச் செய்யுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் பொதுவானது. உடை மாற்றும் பிள்ளையைப் படம் எடுத்துப் பரப்புவதை யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொன்னால் விசாரிக்க வருவார்கள், அப்போது விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இன்னொரு முறை இப்படி நடந்தால் அந்த அழைப்பை நானே செய்வேன், முகாமையும் அன்றைக்கே நிறுத்திவிடுவேன். இதில் எனக்கு வேறு வழி இல்லை.

இவ்வளவு கடுமையாக எழுதியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள், பழைய குரல் வந்துவிடுகிறது.

குடும்ப விழா அன்று பிள்ளைகளைப் படம் எடுக்க முடியாதே என்று வருந்த வேண்டாம். பள்ளியே முழுக் கூத்தையும் வீடியோ எடுக்கும். ஆடுகிற பிள்ளையும் வீட்டாரும் சம்மதித்தால் மட்டும் குழுவில் போடுவோம். கூத்து முடிந்து வேடத்தோடு உங்கள் பிள்ளையோடு நின்று படம் எடுத்துக்கொள்ளத் தனியாகக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் பிள்ளையை மட்டும், பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் மட்டும் எடுங்கள். மற்றபடி கூத்தைக் கண்ணால் பாருங்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கிற பாட்டிமார்களுக்கு உங்கள் கைதான் தெரியும், துரியோதனன் தெரிய மாட்டான்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அந்தப் பையனுக்குப் பதில் வேறொருவனைப் போடலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். "வேஷம் அவனோடது, நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டார். நேற்று மாலை துச்சாதனன் வேடம் கட்டும் பையன் தானாகவே அந்த வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் மல்லாட்டை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தானாம். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். ஒன்றுமே பேசவில்லையாம். நீங்களும் அந்த வீட்டுப் பக்கம் போனால் அவனிடம் வீடியோவைப் பற்றிப் பேச வேண்டாம், ஆறுதலும் சொல்ல வேண்டாம். கூத்து என்றைக்கு என்று மட்டும் கேளுங்கள், போதும்.

இந்தப் பயிற்சிக்காக மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேலையைப் பிள்ளைகளிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டதும், தினமும் யாராவது ஒரு வீட்டிலிருந்து கேழ்வரகுக் கூழும் மோரும் வந்ததும் எனக்குத் தெரியும். கேட்காமலே வந்தது. நன்றி.

இரண்டு உதவிகள் வேண்டும். வேடம் கட்டும் அறை வாசலுக்குத் திரை தைக்கப் பழைய பருத்திச் சேலைகள் நான்கு வேண்டும், கிழிசல் இருந்தாலும் பரவாயில்லை. அரிதாரம் கலைக்கத் தேங்காய் எண்ணெய் போதவில்லை. வீட்டிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். பாட்டிலில் பிள்ளையின் பெயரை எழுதி ஒட்ட மறக்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்