'சைக்கோ': பிழையும் பிழையல்லாததும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் உள்ள தொடர்ச்சிப் பிழைகளை (காட்சிக்குக் காட்சி பொருந்தாமல் போகும் விவரங்களை) தொகுத்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நாயகி மேரியனின் உள்ளாடையும் கைப்பையும் முதலில் வெள்ளையாக இருந்து பிறகு கறுப்பாகிவிடுவதை அதில் பிழைக் கணக்கில் சேர்த்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. ஓட்டல் அறையில் காதலனுடன் இருக்கும்போது வெள்ளை அணிந்திருப்பவள், முதலாளி வங்கியில் கட்டச் சொன்ன 40,000 டாலரைக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டு பெட்டியை அடுக்கும்போது கறுப்பு அணிந்திருக்கிறாள். அவள் மனம் தடம் மாறியதை ஒரு வசனமும் இல்லாமல் நிறத்தாலேயே சொல்லிவிடும் அந்த உத்தியை உடைப் பிரிவின் கவனக்குறைவாகக் காட்டுவது முறையன்று.

மாறாக, உண்மையான பிழை ஒன்று கட்டுரையாளரின் கண்ணில் படவேயில்லை. குளியலறைக் கொலை முடிந்ததும் கேமரா மேரியனின் திறந்த கண்ணிலிருந்து மெல்லச் சுழன்றபடி பின்னோக்கி நகர்கிறது. முகத்தில் நீர்த்துளிகள் அப்படியே நிற்கின்றன, இமை ஆடவில்லை, ஆனால் கண்மணி மட்டும் சுருங்கியிருக்கிறது. உயிர் பிரிந்தபின் கண்மணி விரிந்துவிடும் என்பதால், படத்தைப் பார்த்த கண் மருத்துவர்கள் சிலர் ஹிட்ச்காக்குக்கே கடிதம் எழுதி, பெல்லடோனா சொட்டு மருந்து விட்டால் உயிருள்ளவரின் கண்மணியையும் விரியச் செய்யலாம் என்று வழியும் சொன்னார்கள். அதே காட்சியில் இன்னொரு பிழை நேராமல் தடுத்தவர் அவருடைய மனைவி ஆல்மா ரெவில். பிணமாகக் கிடக்க வேண்டிய, மேரியனாக நடித்த ஜேனட் லீயிடம் தெரிந்த மிகச் சிறிய அசைவை, மற்றவர்கள் எல்லோரும் பார்த்தும் தவறவிட்ட நிலையில், அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஏறத்தாழ 45 விநாடி ஓடும் அந்தக் கொலைக்காட்சிக்கு 7 நாள் படப்பிடிப்பு நடந்தது என்பதை நினைத்தால், அந்தக் கூர்மையின் அருமை விளங்கும்.

கதை தொடங்கும் பீனிக்ஸ் நகரத் தெருக்காட்சிகளில் கிறிஸ்துமஸ் அலங்காரம் பதிவாகிவிட்டபோது, அவற்றை மீண்டும் எடுக்காமல், 'வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11' என்ற எழுத்தைத் தொடக்கத்தில் சேர்த்தே ஹிட்ச்காக் அதைச் சரிசெய்தார். தம் தொலைக்காட்சித் தொடருக்குப் பணியாற்றிய குழுவை வைத்துச் சுமார் 8 லட்சம் டாலரில் எடுத்த படம் அது.

ஜேனட் லீ அலற வேண்டும் என்பதற்காகத் திடீரெனக் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டார்கள் என்று கட்டுரை கூறுவதும் சரியன்று. தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். இரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் பாகு பயன்பட்டது என்பது மட்டும் உண்மை.

நிறமாற்றம், குளிர்ந்த நீர் ஆகிய இரண்டு செய்திகளுக்கும் அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆல்மா ரெவிலின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் வரவில்லை. அதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.