‘வலிக்குதா தம்பி?’ என்று கேட்ட அண்ணனுக்கு

கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி மக்களுக்கும், பழைய ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்கும், எனக்காக அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. நேற்று பிசியோவில் டேப் வைத்துத் தொடையை அளந்தார்கள். 38 சென்டிமீட்டராக வற்றிப்போயிருந்தது, இப்போது 41. வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் தையல் டேப்பை எடுத்து இன்னொரு முறை அளந்தார். அந்தச் சந்தோஷத்தோடுதான் எழுதுகிறேன்.

“அப்ப எப்ப நடப்பே?” என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று. கரண்ட் விட்டு என் கால் தசையை அசைக்கும் இந்த மெஷின், நடக்க வைக்கும் மெஷின் இல்லை. எனக்கு அடிபட்டது முதுகுத்தண்டில், டி8 மட்டத்தில், அதாவது நெஞ்சுப் பகுதியின் எட்டாவது முள்ளெலும்பு அருகே. மூளையின் தகவல் அதற்குக் கீழே இறங்காது. ஆனால் தண்டிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. தோலில் பேட் ஒட்டிக் கரண்ட் விட்டால் அந்த நரம்பு தூண்டப்பட்டுத் தசை சுருங்கும். அந்த நரம்பே செத்திருந்தால் இந்த மெஷினால் பயன் இருந்திருக்காது. தசை இருந்தால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது, உட்காரும் இடத்தில் எலும்பு நேராகத் தோலை அழுத்தாது, படுக்கைப் புண்ணுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். எனக்கு அது போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முடி அடர்ந்த இடத்தில் பேட் சரியாக ஒட்டாது. பாதி ஒட்டினால் கரண்ட் ஒரே இடத்தில் குவிந்து தோலைச் சுட்டுவிடும், எனக்கோ அது தெரியாது. சின்னக் கீறல்கூட வேண்டாம், ரேசர் போடாமல் கிளிப்பரில் முடியைக் குறையுங்கள் என்று பிசியோவில் சொல்லி அனுப்பினார்கள். முப்பது வயது மகனின் தொடையில் அம்மா அதைச் செய்ய, எனக்குக் கூச்சம், அவருக்குக் கை நடுக்கம். கீழே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் காதில் இது எப்படி விழுந்ததோ, ஒரு செவ்வாய்க்கிழமை கிளிப்பரோடு வந்து நின்றார். செவ்வாய்க்கிழமை நம்மவர்கள் முடி வெட்ட மாட்டார்கள், கடை காலி.

கடையில் விரிக்கும் அதே வெள்ளைத் துணியை மெத்தையில் விரித்தார். வேலையை ஆரம்பித்ததும், “வலிக்குதா தம்பி?” என்றார்.

“அண்ணே, அங்க எனக்கு ஒன்னுமே தெரியாது.”

“தெரியும் தம்பி. கேட்டுப் பழகிடுச்சு.”

அடுத்த முறை வந்தபோதும் கேட்டார். இன்றுவரை கேட்கிறார். மருத்துவமனையில் ஊசியால் குத்தி “தெரியுதா?” என்று கேட்பார்கள். அது பரிசோதனை, அவர்கள் மேல் குறை இல்லை. ஆனால் வலிக்குமோ என்று என் காலுக்காக யோசித்தவர் இவர் ஒருவர்தான். நானே அதை ஒரு மூட்டை மாதிரிதான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

முதன்முதலாகக் கரண்டில் கால் உதைத்ததைப் பார்த்து இரண்டடி பின்னால் தள்ளி நின்று, “அட, பொல்லாத காலு!” என்று சிரித்தார். மூன்றாவது மாதம் தொடையின் பின்பக்கம் காசு அளவுக்குச் சிவந்திருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவரே. அவர் வேலை முடித்து டீ குடித்த பிறகும் அந்தச் சிவப்பு மறையவில்லை. பேட்டின் ஜெல் காய்ந்துபோயிருந்தது. பேட்டை மாற்றினோம், அந்த இடத்துக்கு நாலு நாள் ஓய்வு. கவனிக்காமல் விட்டிருந்தால் புண்ணாகி வாரக்கணக்கில் எல்லாம் நின்றிருக்கும்.

காசு வாங்க மாட்டார். பெயரைப் போடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

மின்தூக்கி பழுதான நாட்களில் நாற்காலியோடு என்னைத் தூக்கி இறக்கிய பையன்களுக்கும், மெஷினுக்குப் பணம் சேர்த்த நண்பர்களுக்கும், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாரங்களை நிரப்பிக் கொடுத்த அக்காவுக்கும், நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு மக்சிக்குக்கும் (மலாய் அத்தை), செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் என் நன்றி.

நிறுத்தினால் வளர்ந்த தசை மறுபடி வற்றிவிடும். வாரத்தில் ஐந்து நாள், சோம்பல் வந்தாலும், விடமாட்டேன். இதை எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன், தவறினால் திட்டலாம்.

அண்ணே, அடுத்த செவ்வாய் வரும்போது தலையையும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள், காடாகிக் கிடக்கிறது. கிழமையெல்லாம் நான் பார்ப்பதில்லை. ஆனால் அதற்காவது காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.