குடம் பார்த்துக்கொண்ட ஆயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கும், பக்கத்துத் தெருக்களுக்கும், காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்துபோகும் அக்காக்களுக்கும் வணக்கம்.

எங்கள் காலை நடை இந்தப் பொங்கலோடு ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. 11 பெண்களாகத் தொடங்கினோம், இப்போது 43 பேர் வருகிறோம். பொங்கலன்று எல்லோரும் கூடியபோது நேரிலேயே நன்றி சொல்லிவிட நினைத்தேன். மைக்கைக் கையில் வாங்கியதும் அழுகை வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தங்கைக்கு. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் வந்தபோது, ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்கு வீட்டில் மாத்திரை கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த என்னிடம், "கையைக் குடுங்கக்கா" என்று வாசலிலேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். 286. அப்போது எனக்கு வயது 44. உடம்புக்கு ஒன்றுமே இல்லையே என்றேன். "ராத்திரி எத்தனை தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறீங்க?" என்று கேட்டாள். நான்கு தடவை. புழுக்கத்துக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கிறேன், அதனால்தான் என்று அதுவரை இருந்துவிட்டேன். மறுநாள் அவளே என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இருக்கும் நர்ஸ் அக்காவை நான் மறக்கவே மாட்டேன். என் அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபோது வேறோர் இடத்தில் "வாயைக் கட்டுங்க, நல்லா நடங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். இந்த அக்கா உட்காரவைத்துக் கேட்டார்: எங்கே நடப்பீங்க? எத்தனை மணிக்கு நடப்பீங்க? என்னிடம் பதில் இல்லை. மெயின் ரோட்டுக்குப் போனால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். அவற்றுக்கு நடுவில் பெண்கள் இருட்டோடு எப்படி நடப்பது? எல்லாவற்றுக்கும் மேலே, எங்களுக்குத் தண்ணீர் வருவதே காலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள்தான். அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் பம்ப்பை விட்டு நகர முடியாது. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்று அக்கா கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த அரை மணிதான் எங்களிடம் இல்லாதது.

அதைக் கொடுத்தது எதிர்வீட்டு ஆயா. 78 வயது, இரண்டு முட்டியிலும் வலி. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைத் திண்ணையிலிருந்து கேட்டுவிட்டு, "என்னால நடக்க முடியாது. பம்ப்பாண்ட நான் குந்திக்கினு இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்கடி" என்றார். அன்று தொடங்கி, மழை நாளிலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பச்சைக் குடம் யாருடையது, வாய் நசுங்கிய நீலக் குடம் யாருடையது என்று அவருக்கு மனப்பாடம். வரிசையை அவர் பார்த்துக்கொள்ள, அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரும் அடித்து நிரப்பி வைக்கிறார்கள். ஒரு வருடத்தில் ஒரு சண்டை வரவில்லை. பம்ப்படியில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளி மைதானத்தை விடியற்காலை 5.30க்குத் திறந்துவிடச் சம்மதித்த தலைமை ஆசிரியருக்கும், அதற்காக அரை மணி முன்னாலேயே எழுந்துவரும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் நன்றி. ஃபுட்பால் ஆடும் தம்பிகள் பாதி மைதானத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு நாங்கள் நடப்பதைப் பார்த்து முதல் வாரம் சிரித்தவர்களும் அவர்கள்தான். அதில் ஒருவனுடைய அம்மா எங்களோடு வந்து சேர்ந்த நாளோடு சிரிப்பு நின்றது. இப்போது பந்து எங்கள் பக்கம் வந்தால் "பார்த்து அக்கா" என்று கத்துகிறார்கள். பாக்சிங் வாத்தியார் முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். காசு பேச்சை எடுத்தாலே கோபித்துக்கொள்கிறார்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நிறையப் பேருக்குக் கடன்பட்டிருக்கிறோம். கேழ்வரகு நல்லது என்று கேள்விப்பட்டு நாங்கள் சொம்பு சொம்பாகக் கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். மாவாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் அதுவும் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும், முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி அளவாகச் சாப்பிடுங்கள் என்று திருத்தியவர் அந்த நர்ஸ் அக்காதான். அதைக் கேட்டுக்கொண்டு முனை இட்லிக் கடை அக்கா மறுநாளே கல்லில் அடை போட்டார். முதல் மாதம் பாதிக்குப் பாதி மிஞ்சியது. விற்காததை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த நாளும் போட்டார். கூடவே ஒரு குண்டான் சுண்டல். சாயங்கால பஜ்ஜியை அவர் நிறுத்தவில்லை, அது அவருடைய பிழைப்பு, நிறுத்தச் சொல்ல நாங்கள் யார்? ஆனால் ஒரு நாள் பொரித்த எண்ணெயை மறுநாள் சட்டியில் ஊற்றுவதை விட்டுவிட்டார். இன்றைய எண்ணெய் விலையில் அது சின்ன நஷ்டம் இல்லை. அக்கா, அந்த நஷ்டத்தைத் தாங்கியது எங்கள் பிள்ளைகளுக்காக என்று எங்களுக்குத் தெரியும்.

கேட்காமலே "அரைச் சர்க்கரையா?" என்று விசாரிக்கும் டீக்கடை அண்ணனுக்கும் நன்றி.

அப்புறம், மீன் விற்கும் அக்காக்கள். ராத்திரி 2 மணிக்கே ஏலத்துக்குப் போய், பகலெல்லாம் கூடை முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைக் காலை நடைக்கு வா என்று கூப்பிட்டது எங்கள் தவறு. சாயங்காலம் 4.30க்கு அவர்களுக்கென்று ஒரு நடை வைத்த பிறகு எங்களைவிட ஒழுங்காக வருகிறார்கள். வஞ்சிரம் வறுவல்தான் மீன் என்றிருந்த எங்களுக்கு மத்தியையும் நெத்திலியையும் குழம்பில் போட்டுப் பழக்கியது அவர்கள்தான். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. மீன் விலை ஏறிவிடும், வீட்டுக்கு வீடு கருவாடுதான். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டுவிட்டு, ஒரு அக்கா தானே எழுந்து, கருவாட்டைச் சுடுதண்ணீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கொட்டுங்க, வாரத்துக்கு ஒரு நாளோட நிறுத்திக்குங்க என்றார். அவர் விற்பதே கருவாடு. எனக்கு அன்று பேச்சே வரவில்லை.

என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 9.4ல் இருந்து 7.1க்கு வந்திருக்கிறது. எல்லோருக்கும் இப்படிக் குறையவில்லை. இரண்டு பேருக்கு இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள், அவர்களும் தினம் வருகிறார்கள். நடக்கிறோமே, மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டவர்களைத் தங்கை வீடு தேடிப் போய்ப் பேசித் தடுத்தாள். அதற்கும் சேர்த்து அவளுக்கு இன்னொரு நன்றி.

ஆயாவுக்கு அடுத்த வாரம் கண்ணில் புரை ஆபரேஷன். அவர் நன்றாகத் தேறி வரும்வரை குடங்களை நாங்களே முறை போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் என் முறை. மற்ற நாளுக்கு வர முடிந்தவர்கள் இட்லிக் கடை அக்காவிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
காலை நடைக்கு வரும் தையல்கார அக்கா,
தண்டையார்பேட்டை